மட்டமும் வாட்டமும்

அன்றாட வாழ்வில் நாம் ஏறெடுத்தும் பாராத பொருள்கள் சில உண்டு. அவை பெரும்பாலும் தட்டையான பொருள்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். தரையை யாரும் பார்ப்பதில்லை. அதன்மேல் நடந்து போகிறோம். தட்டை யாரும் பார்ப்பதில்லை. அதிலுள்ள சோற்றைப் பார்க்கிறோம். பாய், பலகை, திண்ணை, களம், மொட்டை மாடி, வாழையிலை ஆகிய யாவும் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் நம்மைத் தாங்கிக் கிடக்கின்றன. எங்கேனும் ஒரு மேடோ பள்ளமோ இருந்து கால் இடறினாலொழிய, அவற்றை நாம் நினைப்பதுமில்லை.

ஆனால் தட்டையாய் இருப்பது எதுவும் எளிதில் தட்டையாகிவிடுவதில்லை. நெல் வயலில் நீர் எங்கும் ஒரே அளவாய் நிற்க வேண்டுமானால், உழுத சேற்றில் பரம்படித்தாக வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் பாத்தியின் தரை பலகைபோல் கெட்டியாகும்வரை தொழிலாளர் காலால் மிதித்துச் சமன்படுத்துவர். போரடிக்கும் களத்தைச் சாணமிட்டு மெழுகுவர். எங்கே ஒரு சமதளத்தைக் காண்கிறோமோ, அங்கே யாரோ ஒருவர் முதுகு வளைந்திருக்கிறது. இதை நினைவிற்கொண்டே நாம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். சமம் என்பது என்ன? எல்லாரையும் ஒரே தளத்தில் அமர்த்திவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என்று கொள்ளலாமா?

தட்டையான உணவு

அடுக்களையிலிருந்து தொடங்குவோம். ஒரே மாவுதான். குழியில் ஊற்றினால் இட்லி. கல்லில் பரப்பினால் தோசை. தட்டை என்றே பெயர் பெற்ற பலகாரமும் நம்மிடம் உண்டு. அரிசி மாவில் கடலைப் பருப்பைக் கலந்து, உருட்டி, துணியில் வைத்து விரலால் அழுத்தித் தட்டுகிறார்கள். உருண்டையாகவே எண்ணெயில் போட்டால் மேல்புறம் கருகும், நடுப்பகுதி வேகாது. தட்டிப் பரப்பினால்தான் எல்லா இடத்திற்கும் ஒரே சூடு சென்று சேர்கிறது. நெருப்புக்கு எட்டாத உட்பகுதி என்று ஒன்று இல்லாதிருப்பதே தட்டையின் பயன்.

அப்பமும் அப்படித்தான். புளிப்பேறிய கோதுமை மாவு, தன்னுள் எழும் வாயுவைச் சிறைப்பிடித்து உப்புகிறது. புளிப்பில்லா மாவு தட்டையாகவே கிடக்கிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரயேல் மக்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்று விடுதலைப் பயண நூல் தெரிவிக்கிறது (விப 12:39). அவசரத்தின் அப்பம் அது, அடிமைகளின் அப்பம், வழிநடைக்கான அப்பம். இலத்தீன் வழிபாட்டு மரபில் இன்றும் திருப்பலிக்குப் புளிப்பில்லாக் கோதுமை அப்பமே பயன்படுத்தப்படுகிறது. கோதுமை மாவும் நீரும் தவிர வேறொன்றும் அதில் இல்லை. உப்புமில்லை, இனிப்புமில்லை, உப்பலுமில்லை. புளிப்பு மாவைத் தீமையின் அடையாளமாகக் கண்டு, அதை அகற்றிவிடுமாறு கொரிந்து நகர மக்களுக்குப் பவுல் எழுதினார் (1 கொரி 5:6-8). இவ்வளவு தட்டையான, இவ்வளவு எளிய ஒரு பொருளை ஆண்டவர் தம் உடலாக்கத் தேர்ந்துகொண்டார் என்பதை நற்கருணை வரிசையில் நிற்கும் நாம் எண்ணிப் பார்க்கிறோமா? வரிசையில் முன்னே நிற்பவருக்கும் பின்னே நிற்பவருக்கும் கிடைப்பது ஒரே அப்பம். அதில் மேல்தரம், கீழ்த்தரம் இல்லை.

இரண்டு சொற்கள்

நம் மொழியில் தட்டு என்ற சொல்லுக்கு வியப்பான ஒரு வரலாறு வாய்த்திருக்கிறது. சோறு உண்பது தட்டில். காணிக்கை இடுவது தட்டில். நிறுப்பதும் தராசுத் தட்டில். நடுவுநிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் தராசுக் கோலைத்தான் கண்டார். ஆனால் அதே சொல்லைக் கொண்டே மனிதரை மேல்தட்டு என்றும் கீழ்த்தட்டு என்றும் பிரிக்கிறோம். பசியாற்றும் பொருளின் பெயர், பசித்தவனைப் பிரித்துவைக்கும் பெயராகவும் ஆயிற்று.

மட்டம் என்ற சொல்லும் அத்தகையதே. கொத்தனாருக்கு மட்டம் என்பது மேடு பள்ளமற்ற நேர்மை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தளம் மட்டமாய் இருக்கிறது என்றால் அது பாராட்டு. ஆனால் கடைத்தெருவில் ஒரு பொருளை மட்டம் என்றால் அது இழிவு. ஒருவரை மட்டம் தட்டினார்கள் என்றால் அவரைச் சிறுமைப்படுத்தினார்கள் என்பது பொருள். சமமாக இருப்பதற்கும் தாழ்வாக இருப்பதற்கும் ஒரே சொல் வழங்குவது ஏன்? சமன் செய்வதில் இருவேறு வழிகள் உண்டென்பதை அச்சொல் நமக்கு நினைவூட்டுகிறது என்றே நான் கருதுகிறேன். மேட்டை வெட்டியும் சமன் செய்யலாம். பள்ளத்தை நிரப்பியும் சமன் செய்யலாம். எசாயா கண்ட காட்சியில் இரண்டும் நிகழ்கின்றன (எசா 40:4). அன்னை மரியாவின் பாடலிலும் இரண்டும் நிகழ்கின்றன (லூக் 1:52). நாமோ வசதியாக மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். மேட்டை வெட்டாமலும் பள்ளத்தை நிரப்பாமலும், இரண்டின்மேலும் ஒரு பாயை விரித்து, எல்லாம் சமம் என்று சொல்லிவிடுகிறோம்.

கோயில் தரை

நம் கோயில்களின் தரை இதற்குச் சாட்சி. நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயத்தின் கதையை வரலாறு பயின்றோர் அறிவர். ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள் கால்சட்டையின் இரு கால்கள்போல் கட்டப்பட்டன. ஒரு சாதியார் ஒரு கூடத்திலும் மறு சாதியார் மறு கூடத்திலும் நின்று, ஒருவரை ஒருவர் காணாமல் ஒரே பலியைக் கண்டனர். நடுவிலிருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அது மீண்டும் வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றனர். அங்கே தரையில் குறையொன்றுமில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரு கூடங்களின் தரையும் சமம்தான், பீடமும் ஒன்றுதான், அப்பமும் ஒன்றுதான். சமதளத்தில் நின்றுகொண்டே மனிதர் சமமற்றிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

அதை ஒரு பழைய கதை என்று ஒதுக்கிவிட என் மனம் இடந்தரவில்லை. அதற்குக் காரணமான நிகழ்ச்சியொன்றைச் சொல்லியாக வேண்டும். அது என்னைப் பற்றியது.

கொத்தனார் சொன்னது

நான் குருவாகி ஐந்தாம் ஆண்டில் ஒரு தென்பகுதிக் கிராமப் பங்கில் பணியாற்றினேன். பங்கு மண்டபத்தின் மட்டப்பா மழைக்கு ஒழுகியது. மேலே பழைய தட்டோடுகளைப் பெயர்த்துவிட்டுப் புதிதாய்ப் பதிக்க முதிய கொத்தனார் ஒருவர் வந்தார். தெற்குத் தெருவைச் சேர்ந்தவர். நம் பங்கைச் சேர்ந்தவர். நீர் நிறைத்த குழாயின் இரு முனைகளையும் இரு மூலைகளில் பிடித்து அவர் மட்டம் பார்ப்பதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கியிருந்தாலும் மட்டம் பொய் சொல்லும் என்றார். பழைய தளம் நல்ல மட்டமாகத்தானே இருக்கிறது, பின் ஏன் ஒழுகுகிறது என்று கேட்டேன்.

“மட்டமா இருக்கிறதுதான் சாமி தப்பு. தரைக்கு மட்டம் வேணும்; மாடிக்கு வாட்டம் வேணும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது தணியணும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குத் தெரியும்” என்றார்.

அவ்வாண்டுத் திருவிழாவில் ஒரு மாற்றம் செய்ய நான் உறுதி பூண்டிருந்தேன். அசன விருந்தில் தெற்குத் தெருவார் கடைசிப் பந்தியில் அமர்வது அங்கு வழக்கம். யாரும் எழுதிவைத்த சட்டமன்று. ஆயினும் யாரும் மீறியதில்லை. முதற்பந்தியிலேயே எல்லாரும் கலந்தமர வேண்டும் என்று மறையுரையில் சொன்னேன். சிலர் முகம் சுளித்தனர். ஆனாலும் நடந்தது. நீண்ட பந்திப்பாய்களில் எல்லாத் தெருவாரும் தோளோடு தோள் உரச அமர்ந்தனர். ஒரே இலை, ஒரே சோறு, ஒரே குழம்பு. என் குருத்துவ வாழ்வின் நிறைவான நாள்களில் ஒன்று அது என்று எண்ணி மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடு அறைவீட்டுக்குள் சென்று, திருவிழாக் குழுவின் பெரியவர்களோடு மேசையில் அமர்ந்து உண்டேன்.

மாலையில் வெளியே வந்தபோது கொத்தனார் மண்டபத்துப் படியில் அமர்ந்திருந்தார். “எப்படி அண்ணாச்சி, பந்தி மட்டமாக இருந்ததா?” என்று பெருமையோடு கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பந்தி நடந்த இடத்தைக் கையால் காட்டினார். அங்கே தெற்குத் தெருப் பெண்கள் நால்வர் எச்சில் இலைகளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி. “மட்டம் சரியாத்தான் இருந்துச்சு சாமி. வாட்டம்தான் மாறலை. தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு பாத்தீங்களா?” என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. நான் இலைகளைப் பார்த்தேன். அவை சமமாக இருந்தன. பாய்களைப் பார்த்தேன், அவையும் சமமாக இருந்தன. யார் குனிகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. நானே எங்கே அமர்ந்து உண்டேன் என்பதையும் பார்க்கவில்லை. என் குழாயில் ஒரு குமிழ் சிக்கியிருந்தது.

சாய்வின் நீதி

அன்று முதல் எந்தச் சமதளத்தைக் கண்டாலும் அதன் வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்தது. முழுமையான மட்டம் மனித சமுதாயத்தில் எங்குமில்லை. சமம் என்று நாம் பெயரிட்டவை யாவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு உடையவை. நன்மைகள் ஒரு பக்கம் ஓடிச் சேர்கின்றன. சுமைகள் மறுபக்கம் ஓடிச் சேர்கின்றன. வீட்டில் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்கிறோம் என்கிறோம். எழுந்து பரிமாறுவது யார், கடைசியில் பானையைச் சுரண்டி உண்பது யார் என்று கேட்பதில்லை. பங்குப் பேரவையில் எல்லாத் தெருவுக்கும் இடமுண்டு என்கிறோம். யார் பேசினால் தீர்மானம் மாறுகிறது என்று கேட்பதில்லை.

திருச்சபையின் போதனை இதனை அறியாததன்று. இறைமக்கள் அனைவர்க்கும் மாண்பில் உண்மையான சமத்துவம் உண்டென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் கற்பித்தது. மறு ஆண்டு வெளிவந்த மற்றோர் ஏடு, மனிதரிடையே முறையான வேறுபாடுகள் இருந்தபோதிலும், மிகையான பொருளாதார, சமூக ஏற்றத்தாழ்வுகள் அம்மாண்புக்கு முரணானவை என்றது. இது மட்டம். பின்னர் 1979இல் மெக்சிகோ நாட்டுப் புவெப்லாவில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், ஏழைகளுக்கு முதலிடம் தருவது திருச்சபை முழுவதன் கடமை என்றனர். இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அதே கருத்தை ஏற்று விளக்கினார். இது வாட்டம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாகச் சிலர் கருதுகின்றனர். எல்லாரும் சமமென்றால் ஏழைக்கு மட்டும் ஏன் முதலிடம் என்று கேட்கின்றனர். கொத்தனாரின் மறுமொழியே இறையியலாரின் மறுமொழியும் ஆகும். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் தளத்தைப் பாய் விரித்துச் சமனாக்க முடியாது. எதிர்ப்பக்கம் வாட்டம் கொடுத்தாக வேண்டும்.

கோயில் வாசலில் இதைக் கண்ணாலேயே காணலாம். எல்லாருக்கும் பொதுவாக ஐந்து படிகள் வைத்தோம், யாரையும் தடுக்கவில்லை. ஆயினும் சக்கர நாற்காலியில் வருபவருக்கு அப்படிகள் ஒரு சுவர். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாகச் சாய்தளம் அமைத்தால்தான் அவர் தாமே உள்ளே வர முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் நாட்டில் 2016இல் இயற்றப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, படுக்கையோடு ஒருவரைச் சுமந்து வந்த நால்வர், வாசலில் வழியில்லாமல், வீட்டின் தட்டையான கூரையைப் பிரித்து அவரை ஆண்டவர்முன் இறக்கினர் (மாற் 2:3-4). கூட்டத்தில் யாரும் அவரை வர வேண்டாமென்று சொல்லவில்லை. வழி விடவுமில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருப்பேனோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

மொட்டை மாடியில் பேதுரு

பாலஸ்தீன நாட்டு வீடுகளின் கூரை தட்டையானது. உத்திரங்களின்மேல் மரக்கிளைகளைப் பரப்பி, களிமண் பூசி, உருளையால் உருட்டி இறுக்குவர். புது வீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று மோசேயின் சட்டமே பணித்தது (இச 22:8). யோப்பா நகரில் அத்தகைய ஒரு மாடியில் நண்பகல் வேளையில் இறைவேண்டல் செய்யச் சென்ற பேதுருவுக்குப் பசி எடுத்தது. அப்போதுதான் அந்தக் காட்சி. பெரிய விரிப்பு ஒன்று நான்கு முனைகளிலும் பிடிக்கப்பட்டு வானிலிருந்து இறங்குகிறது. தூயது, தீட்டானது என்று அவர் இளமை முதல் பிரித்துவைத்திருந்த உயிர்கள் யாவும் அதில் ஒன்றாக இருக்கின்றன (திப 10:9-12). தட்டையான மாடியின்மேல் தட்டையான ஒரு விரிப்பு. மூன்று முறை கேட்டும் அவருக்கு விளங்கவில்லை. கீழே வாசலில் கொர்னேலியுவின் ஆள்கள் வந்து நின்றபோதுதான் விளங்கத் தொடங்கியது.

இதில் நான் கவனிப்பது ஒன்றுண்டு. மாடியில் கண்ட காட்சி மட்டும் போதுமானதாய் இல்லை. பேதுரு படியிறங்க வேண்டியிருந்தது. அவர்களை உள்ளே அழைத்துத் தங்கவைக்க வேண்டியிருந்தது. மறுநாள் செசரியாவுக்குப் பயணப்பட்டு, அதுவரை தாம் நுழையாத ஒரு வீட்டிற்குள் நுழைய வேண்டியிருந்தது. கடவுள் ஆள்பார்த்துச் செயல்படுவதில்லை என்ற உண்மையை அவர் வாய் திறந்து சொன்னது அந்த வீட்டினுள்தான். சமத்துவம் பற்றிய நம் காட்சிகள் பலவும் மாடியோடு நின்றுவிடுகின்றன. மறையுரை மேடையும் ஒரு மாடியே.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் மலையிலிருந்து இறங்கி வந்து சமவெளியில் நிற்கிறார் (லூக் 6:17). ஏழைகளுக்கு உரிய பேற்றையும் செல்வருக்கு உரிய கேட்டையும் அங்கு நின்றே அறிவிக்கிறார். சமவெளியில் பேசிய பேச்சுக்கும் ஒரு வாட்டம் இருக்கிறது. பின்னர் இறுதி இராவில் மேலாடையைக் கழற்றிவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதமருகே குனிந்ததாக யோவான் எழுதுகிறார். பந்தியில் சமமாக அமர்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. குனிகிற பணியைத் தம்மேல் எடுத்துக்கொண்டார்.

மறு ஆண்டுத் திருவிழாவில் நான் அறைவீட்டு மேசையை விட்டுப் பந்தியில் அமர்ந்தேன். உண்டு முடித்ததும் இலைகளை எடுக்க நானே குனிந்தேன். பேரவை உறுப்பினர் மூவர் என்னோடு குனிந்தனர். மற்றவர்கள் ஒதுங்கி நின்றனர். ஒரு குடும்பம் அதன்பின் அசனத்திற்கு வரவேயில்லை. கொத்தனாரின் மனைவி என் கையிலிருந்த இலையைப் பிடுங்க முயன்று, “சாமி, நீங்க எடுக்கக்கூடாது” என்று அழுதார். அவர் அழுததை நான் நெடுநாள் நன்றியென்று எண்ணியிருந்தேன். இன்று அவ்வாறு எண்ண எனக்குத் துணிவில்லை. தாம் குனிவதே முறை என்று அவரை நம்பவைத்திருந்தோமே, அதன் வலியாகவும் அது இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது. அதன்பின் சென்ற பங்குகளில், நிருவாகச் சுமைகளுக்கிடையே, இலைகளை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்காமல் விட்ட திருவிழாக்கள் எத்தனையோ. ஒருமுறை வாட்டம் சரிபார்த்த தளமும் காலப்போக்கில் இறங்கும்; மீண்டும் பார்க்க வேண்டும் என்பதை நான் மறந்துபோனேன்.

திருப்பலியில் அப்பத்தட்டைக் கையில் ஏந்தும்போதெல்லாம் அதைச் சாயாமல் பிடிக்க வேண்டும் என்பது குருமடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது. ஒரு துகளும் கீழே விழலாகாது. அவ்வளவு கவனமாய்ப் பிடித்த தட்டிலிருந்து உண்டுவிட்டு வெளியே வருகிற நாம், நம் வீட்டுப் பந்தியிலும் தெருவிலும் பேரவையிலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று பார்ப்பது அந்தத் திருப்பலியின் தொடர்ச்சியே ஆகும். அடுத்த அசனத்தில் நம் இலையை நாமே எடுப்பது அதற்கு ஒரு சிறு தொடக்கமாகலாம்.